ஈசிஜி பதிவை இடிஎஃப் கோப்பாக மாற்றுவது: முதல்முறை செய்பவர்களுக்கு

திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நிற்பவரின் இதயத் துடிப்பும் தோல் வெப்பமும் வேலை நேரத்தில் எப்படி மாறுகின்றன? பயோமெடிக்கல் படிக்கிற பிள்ளைகளுக்கு இது நல்ல ப்ராஜெக்ட். ஆர்டுயினோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டும் ஏடி8232 ஈசிஜி போர்டும் இருந்தால் ஈசிஜி வந்துவிடும். வந்ததை எதில் சேமிப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

"எக்செல் இருக்கையில வேற எதுக்குங்க?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 250 அளவு என்றால், ஒன்றரை ஷிப்டுக்கு, அதாவது 12 மணி நேரத்துக்கு, 1 கோடியே 8 லட்சம் வரிசை. ஓர் எக்செல் ஷீட்டில் 10,48,576 வரிசைக்கு மேல் ஏறாது. காலை டீக்கு விடுவதற்குள், 70 நிமிடத்தில், ஷீட் நிரம்பிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. கோப்பில் 480 என்று ஓர் எண் கிடக்கிறது. அது மைக்ரோவோல்ட்டா, சென்சார் தந்த வெறும் எண்ணா? நொடிக்கு எத்தனை எடுத்தது? கமாவால் பிரித்த எண்கள் மட்டும் இருக்கும் சிஎஸ்வி கோப்பு இதையெல்லாம் உங்களிடம் கேட்பதே இல்லை. நீங்களாக எழுதி வைத்தால்தான் உண்டு.

இடிஎஃப் கேட்கும். மூளை அலை, தூக்கப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள ஐரோப்பாவில் உருவாகி 1992இல் வெளியான கோப்பு வடிவம் (European Data Format, EDF) அது. உடலியல் பதிவுகளை இணையத்தில் பகிரும் பிசியோநெட் தளத்துப் பதிவுகளுக்குப் பயன்படும் டபிள்யூஎஃப்டிபி வடிவமும் நல்லதுதான். ஆனால் அதில் விவரம் ஒரு கோப்பு, எண்கள் வேறொரு கோப்பு. பென் டிரைவில் ஒன்றை மட்டும் காப்பி செய்துவிட்டு வந்து முழிப்பார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும் இடிஎஃப் போதும்.

படி 1: எண்ணை மைக்ரோவோல்ட்டாக மாற்றுங்கள்

முதலில் ஐந்து நிமிடப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 75,000 வரிசைதான், எக்செல் தாங்கும். பதிவு எடுக்கும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். உடம்பில் எலக்ட்ரோடு ஒட்டியிருப்பவருக்கு அதுதான் பாதுகாப்பு, கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் குறையும்.

ஆர்டுயினோ ஊனோ 0 முதல் 5 வோல்ட் வரை உள்ளதை 0 முதல் 1023 வரையான எண்ணாகத் தருகிறது. போர்டு 3.3 வோல்ட்டில் ஓடினால் ஈசிஜியின் நடுக்கோடு அதில் பாதி, 1.65 வோல்ட்டில் நிற்கும். போர்டு ஈசிஜியை எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்ற பெருக்கம் 1100 என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் போர்டின் விவரத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்). 480 வந்தால்: 480 × 5 ÷ 1023 = 2.346 வோல்ட். நடுக்கோட்டைக் கழித்தால் 0.696. அதை 1100ஆல் வகுத்தால் சுமார் 633 மைக்ரோவோல்ட். இதைச் செய்யாமல் 2.346 வோல்ட்டையே ஈசிஜி என்று ரிப்போர்ட்டில் போட்டால், வைவாவில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

படி 2: மாற்றுங்கள்

இடிஎஃப்பிரவுசர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். டூல்ஸ் மெனுவில் ஆஸ்கி கோப்பை (படி 1இல் மாற்றிய எண்களைச் சிஎஸ்வியாகச் சேமித்த டெக்ஸ்ட் கோப்பை) இடிஎஃப் ஆக மாற்றும் வசதி இருக்கிறது. பத்திகளைப் பிரிக்கும் குறி, எத்தனையாவது வரியில் எண்கள் தொடங்குகின்றன, நொடிக்கு எத்தனை அளவு, சேனலின் (ஒவ்வொரு சென்சாரின் பதிவும் ஒரு சேனல்) பெயர், அலகு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். நேரம் உள்ள பத்தியை விட்டுவிடுங்கள், இடிஎஃப்புக்கு அது வேண்டாம். தொடங்கிய நேரமும் வேகமும் (நொடிக்கு எத்தனை அளவு என்பது) தெரிந்தால் மற்றதை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். நடுவில் ஒயர் கழன்று பதிவு விட்டுப்போயிருந்தால் இதனாலேயே சிக்கல். சாதாரண இடிஎஃப் இடைவெளியை அறியாது, அங்கே இரண்டு கோப்பாகப் பிரித்துவிடுங்கள்.

நபர் விவரத்துக்கு 80 எழுத்து இடம் உண்டு. தமிழில் எழுத முடியாது, ஆஸ்கி மட்டும்தான், அதாவது ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும். பெயரையும் போடாதீர்கள்; அந்தக் கோப்பு யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஏதாவது ஒரு குறியீட்டு எண் போதும்.

படி 3: சரிபாருங்கள்

கோப்பை நோட்பேடில் திறங்கள். முதல் 256 பைட் பொதுவான தலைப்பகுதி, பிறகு ஒவ்வொரு சேனலுக்கும் 256 பைட். முதலில் 0, கொஞ்சம் வெற்றிடம், நீங்கள் கொடுத்த குறியீட்டு எண், தேதி, 'யூவி' (uV, மைக்ரோவோல்ட்) என்ற அலகு என்று வாசிக்கும்படியே இருக்கும். அப்புறம் வருவதெல்லாம் கிறுக்கல். அதுதான் ஈசிஜி, ஓர் அளவுக்கு 2 பைட். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள். நோட்பேடில் சேமித்தால் கோப்பு கெட்டுவிடும்.

பிறகு இடிஎஃப்பிரவுசரில் திறந்து, ஒரு நிமிடத்தில் எத்தனை கூர்முனை (ஒரு துடிப்புக்கு ஒன்று) என்று எண்ணுங்கள். நாடி பிடித்துப் பார்த்தபோது 72 இருந்தவருக்குத் திரையில் 144 வந்தால், அவருக்கு ஒன்றுமில்லை. ஆர்டுயினோ நொடிக்கு 125தான் அனுப்பியிருக்கிறது, நீங்கள் 250 என்று கொடுத்திருக்கிறீர்கள்.

தோல் வெப்பம்?

வெப்பத்துக்கு நொடிக்கு ஒரு அளவு போதும். இடிஎஃப்பில் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி வேகம் வைக்கலாம். மேலே சொன்ன மாற்றியோ எல்லாப் பத்திக்கும் ஒரே வேகத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். இதற்குப் பைத்தான் நிரல்மொழியில் பைஇடிஎஃப்லிப் என்ற லைப்ரரி இருக்கிறது. 12 மணி நேர ஈசிஜி 2 கோடியே 16 லட்சம் பைட் என்றால், வெப்பத்துக்கு 86,400 பைட்தான் ஆகும்.