தலைமன்னார் பியர்: கடைசி ஸ்டேஷனில் இறங்குங்கள்

மன்னாருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மடு, திருக்கேதீஸ்வரம், பள்ளிமுனைப் பெருக்குமரம் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முன்பு இந்தியாவுக்குக் கப்பல் போன துறையான தலைமன்னார் பியருக்கும் அரைநாள் ஒதுக்குங்கள். எழுபதைத் தாண்டிய ஒருவர் உங்களோடு வருகிறார் என்றால் கட்டாயம் போங்கள், அந்தக் கப்பல் அவருக்கு நினைவிருக்கலாம்.

கொழும்பு கோட்டையிலிருந்து நேரடி ரயில் உண்டு. மதவாச்சியில் பிரிந்து சுமார் 106 கி.மீ. ஓடிக் கடலோரத்தில் முடியும் பாதை அது. ‘தலைமன்னார்’ என்ற பலகையைக் கண்டதும் பெட்டியைத் தூக்காதீர்கள், அடுத்ததுதான் பியர். நேரம் மாறும், சிலவேளை சேவையே நிற்கும். அதனால் முதல்நாளே விசாரித்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் நிற்பவர்களுக்கு ரயில் வீண் சுற்று. பூநகரி வழியாக மன்னாருக்கு பஸ் எடுத்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகலாம்.

ஸ்டேஷனில் பழமையைத் தேடவேண்டாம். போரால் 1990 இல் நின்ற ரயில், பாதையைப் புதிதாகப் போட்டபிறகு 2015 மார்ச் 14 அன்றுதான் பியருக்குத் திரும்பி வந்தது. பார்க்கவேண்டியது கடலுக்குள் நீளும் பழைய இறங்குதுறை. உப்புக்காற்றில் துருவேறிய இரும்புதான் மிச்சம். பக்கத்தில் வெளிச்சவீடு.

1914 இல் பாம்பன் பாலம் திறந்த கையோடு ‘போட் மெயில்’ என்ற ரயில்–கப்பல் சேவை தொடங்கியது. சென்னையில் ஒரே டிக்கெட் எடுத்தால் போதும்: தனுஷ்கோடி வரை ரயில், பிறகு கப்பல், இங்கே இறங்கினால் கொழும்பு ரயில். கோயிலுக்கும், படிப்புக்கும், கல்யாணச் சேலைக்கும் அக்கரை போய்வந்த காலம் அது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, 1984 வரை ஓடியது.

மலையகத் தோட்டக் குடும்பங்களுக்கு இந்த இடத்தின் அர்த்தம் வேறு. 1964 அக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஆனதும் உண்டு. தோட்டத்து மக்களை இந்தத் துறைக்கு ஏற்றிவந்த ரயிலை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். பாட்டன், பாட்டி தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் என்றால், அநேகமாக இந்தத் துறையில்தான் கப்பல் ஏறியிருப்பார்கள்.

துருப்பிடித்த மேடைமேல் ஏறாதீர்கள். கடற்படை அருகிலேயே இருக்கிறது. படம் எடுக்குமுன் ஒருவார்த்தை கேட்டுவிடுங்கள். நிழல் குறைவு என்பதால் காலையிலோ நாலு மணிக்குப் பிறகோ போவது நல்லது. தண்ணீரும் தொப்பியும் கையோடு இருக்கட்டும்.