வெளிநாட்டில் முதல் ஜி.பி.எஸ். கருவி: செட்டிநாட்டிலிருந்து சென்றவர்களுக்கு

காரைக்குடியில் படிப்பை முடித்து, வேலைக்காக அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று சென்று சேர்ந்து, அந்த நாட்டு ஓட்டுநர் உரிமத்தையும் பெற்று, முதல் காரை வாங்கப் போகும் நம் பக்கத்துப் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கைப்பேசியிலேயே வரைபடம் இருக்கும்போது தனியாக ஒரு ஜி.பி.எஸ். கருவி வாங்க வேண்டுமா, வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது என்பதே அது. நகரத்துக்குள் வீடும் அலுவலகமும் கடையுமாக ஓட்டுபவர்களுக்குக் கைப்பேசியே போதும். மலைப்பாதை, பாலைவனம், காட்டுச் சாலை என்று மாதம் ஒருமுறையாவது நெடுந்தூரம் போகிறவர்களுக்குத் தனிக் கருவி தேவைப்படும்.

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். தேவகோட்டையிலிருந்து கண்டனூருக்குப் போகிறவருக்கு வழியில் சந்தேகம் வந்தால், டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, கண்டனூருக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டால் வேலை முடிந்தது. வெளிநாட்டு நெடுஞ்சாலையில் கேட்பதற்கு ஆளும் இல்லை, அவசரம் தவிர வேறு எதற்கும் ஓரத்தில் நிறுத்த அனுமதியும் இல்லை. அந்தக் காலத்தில் சிங்கப்பூருக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, சென்றவர்களுக்கு மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் (செட்டியார்கள் தொழில் செய்து தங்கிய இடம்) மூத்தவர் ஒருவர் இருந்து இடம் வலம் சொல்லிக் கொடுத்திருப்பார். இன்று தனியாக அபார்ட்மெண்டில் தங்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

கருவி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் விளம்பரங்களில் ஏமாறாமல் இருக்கலாம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையில் குறைந்தது நான்கைப் பெற்று, அவை வந்து சேர்ந்த நேர வித்தியாசத்திலிருந்து கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. அது வானத்திலிருந்து கேட்டுக்கொள்கிறதே தவிர, தான் எதையும் மேலே அனுப்புவதில்லை. ஆகவே இடத்தை அறிவதற்கு சிம்மும் வேண்டாம், இணையமும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம். வரைபடத்தை இறக்குவதற்கும் நெரிசல் தகவலுக்கும்தான் இணையம் தேவை. புறப்படுவதற்கு முன் இதை ஊரிலேயே சோதித்துப் பார்க்கலாம்: கைப்பேசியில் காரைக்குடி வட்டார வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொண்டு, டேட்டாவை நிறுத்திவிட்டு, குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டிக்குப் போய் வாருங்கள், உங்கள் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி உங்களோடேயே நகர்ந்து வரும்.

அப்படியானால் தனிக் கருவி எதற்கு என்று கேட்பீர்கள். பாதி வழியில் அழைப்பு வந்தால் கைப்பேசித் திரையில் வரைபடம் சுருங்கிவிடும். வெயிலில் கண்ணாடி ஓரம் சூடேறினால் கைப்பேசி தானாக மங்கும் அல்லது அணைந்துவிடும். சிக்னல் இல்லாத மலைப்பகுதியில் வழியை மாற்ற நேர்ந்தால், இறக்கி வைத்த வட்டாரத்துக்கு வெளியே அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கார்மின், டாம்டாம் போன்ற நிறுவனங்களின் கருவிகளில் ஒரு கண்டம் முழுவதற்குமான வரைபடம் உள்ளேயே இருக்கும். ஆனால் நெரிசல் தகவலில் கைப்பேசிதான் முன்னால் நிற்கிறது. பழைய கார் வாங்கும்போது விற்பவர் "உள்ளேயே நேவிகேஷன் இருக்கிறது" என்று விலையை ஏற்றினால் அதற்காகப் பணம் கூட்டிக் கொடுக்காதீர்கள். பழைய வரைபடத்தைப் புதுப்பிக்கக் கேட்கும் தொகையில் பல நேரம் ஒரு புதுக் கருவியே வாங்கிவிடலாம். காருடன் வருவதற்கு ஒரு நன்மை உண்டு: சக்கரத்தின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால், சுரங்கச் சாலையில் செயற்கைக்கோள் மறைந்தாலும் அது கொஞ்ச தூரத்துக்கு இடத்தைத் தவறவிடாது.

கருவியை ஊரில் வாங்கி எடுத்துச் செல்ல வேண்டாம். எந்த நாட்டில் விற்கிறார்களோ அந்த வட்டாரத்தின் வரைபடத்தைத்தான் ஏற்றித் தருவார்கள். வேறு வட்டாரம் வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இதே காரணத்தால், அங்கே பழகிய கருவியை விடுமுறைக்கு வரும்போது அப்பச்சிக்கு என்று கொண்டுவந்தாலும் இங்கே அதற்குச் சாலை தெரியாது. பெட்டியின் மேல் வாழ்நாள் வரைபடம் என்று போட்டிருந்தால், அந்தக் கருவிக்கு நிறுவனம் ஆதரவு தரும் காலம் வரை என்றே அதற்குப் பொருள். கடையில் தூசி படிந்த பழைய மாடலை மலிவாகத் தள்ளிவிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

அம்சங்களில் நான் முதலிடம் கொடுப்பது லேன், அதாவது சாலையில் கோடிட்டுப் பிரித்த தடம், காட்டும் வசதிக்கு. நம் ஊர்ச் சாலையில் பிரிவு வந்த பிறகு திரும்பினால் போதும். அங்கே பிரிவதற்கு முன்பே சரியான லேனில் இருக்க வேண்டும். மணிக்கு 65 மைல் வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்கு 29 மீட்டர் கடக்கிறது. கால் மைலில் எக்ஸிட் (நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வழி) என்று கருவி சொன்னால் உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 14 நொடிதான்; அதற்குள் கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, இரண்டு லேன் மாற வேண்டும். ஆகவே இரண்டு மைலுக்கு முன்பும், ஒரு மைலுக்கு முன்பும், பிறகு அருகிலும் என்று பலமுறை சொல்லும் கருவியாகவும், எந்த லேன் என்பதைப் படத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டும் கருவியாகவும் இருக்கட்டும். எக்ஸிட்டைத் தவறவிட்டால் அடுத்ததில் இறங்கித் திரும்பி வாருங்கள். பின்னோக்கி ஓட்டும் எண்ணமே வரக்கூடாது. குரல் தெருப்பெயரை உச்சரித்துச் சொல்வதாக இருப்பது நல்லது. தமிழ்க் குரல் கிடைத்தாலும், பலகையில் இருப்பது ஆங்கிலம் என்பதால், முதல் சில மாதங்கள் ஆங்கிலத்திலேயே கேட்டுப் பழகுங்கள். பின் இருக்கையில் ஊரிலிருந்து வந்த அப்பச்சியும் ஆத்தாவும் கதை பேசிக்கொண்டு வரும்போதும் காதில் விழும்படி ஒலி இருக்க வேண்டும். திரை 5 முதல் 7 அங்குலம் போதுமானது.

கருவி முகவரியைத்தான் கேட்கும், அடையாளத்தைக் கேட்காது. இந்த இடத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பைத் தொடங்கி, வளவையும் கட்டுகளையும் கடந்து, அடுத்த தெருவில் பின்வாசலில் முடிவதால், வரைபடப் புள்ளி பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாலும் "எந்த வீடு" என்று குடும்பத்தின் விலாசப் பெயரைச் சொல்லிக் கேட்டு முன்வாசலுக்கு வந்துவிடலாம். வெளிநாட்டிலோ கதவு எண்ணே வீட்டின் அடையாளம். சிங்கப்பூரில் 1995 முதல் நடைமுறையில் உள்ள ஆறு இலக்க அஞ்சல் எண்ணை அடித்தாலே கட்டடத்தின் வாசலுக்குப் போய்விடலாம். இங்கிலாந்தின் அஞ்சல் குறியீடு சில வீடுகள் வரை கொண்டுபோய்விடும். அமெரிக்காவின் ஐந்து இலக்க எண்ணோ நம் பின்கோடு போல ஒரு பெரிய வட்டாரத்தைத்தான் குறிக்கும். ஆகையால் அமெரிக்காவில் வீட்டு எண், தெரு, ஊர், மாநிலம் நான்கையும் சரிபார்த்தே புறப்பட வேண்டும். ஒரே பெயரில் பல மாநிலங்களில் ஊர்கள் இருக்கும். ஒரே தெருவுக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு பாதி இருக்கும்.

அமைப்புகளில் இரண்டை மட்டும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தூரம் மைலில், கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மலேசியாவிலும் கிலோமீட்டரில்; வேகப் பலகையில் இருக்கும் அளவையையே கருவியிலும் வையுங்கள். சுங்கச் சாலையைத் தவிர்க்கும் அமைப்பை, கட்டணம் செலுத்தும் முறை பிடிபடும் வரை போட்டு வைக்கலாம். பல இடங்களில் பணம் வாங்க ஆளே இருக்க மாட்டார், எண் பலகையைப் படம் பிடித்துப் பின்னால் பில் வரும்.

சட்டத்தை அந்தந்த நாட்டில் தனியாகப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்தால் 200 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகளும் விதிப்பார்கள். அங்கே உரிமம் பெற்று இரண்டு ஆண்டு முடியாதவருக்கு அந்த 6 புள்ளியே உரிமத்தை இழக்கப் போதும். வேகக் கேமரா இருக்கும் இடத்தைச் சொல்லும் வசதியை ஜெர்மனியில் ஓட்டும்போது பயன்படுத்தக் கூடாது. பிரான்சிலும் கேமராவின் சரியான இடத்தைக் காட்டுவதற்குத் தடை உண்டு. கலிஃபோர்னியாவில் முன்கண்ணாடியில் ஒட்டுவதானால் ஓட்டுநர் பக்கக் கீழ்மூலையில் 5 அங்குலச் சதுரத்துக்குள், அல்லது எதிர்ப்பக்கக் கீழ்மூலையில் 7 அங்குலச் சதுரத்துக்குள் அடங்க வேண்டும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு போட்ட கண்ணாடியாக இருந்தால் சமிக்ஞை மங்கலாம். கருவியை வாங்கும் முன் உங்கள் காரின் கண்ணாடி எத்தகையது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுக் கருவியை முதல்முறை திறந்த வெளியில் வைத்து இயக்கி, சற்றுப் பொறுத்திருங்கள். செயற்கைக்கோள்களின் முழுப் பட்டியல் வானத்திலிருந்து வந்து சேர 12.5 நிமிடம் ஆகும், அதன் பிறகு இடத்தைப் பிடிப்பது விரைவாகிவிடும். காரை நிறுத்திவிட்டுப் போகும்போது கருவியோடு தாங்கியையும் கழற்றி, கண்ணாடியில் படிந்திருக்கும் வட்டத் தடத்தையும் துடைத்துவிடுங்கள், ஏனெனில் திருடன் தேடுவது அந்தத் தடத்தைத்தான். கருவி திருடு போனாலும் வீடு தெரியாதிருக்க, வீடு என்ற இடத்தில் உங்கள் கதவு எண்ணைப் பதியாமல், பக்கத்துத் தெருக் கடையின் முகவரியைப் பதிந்து வையுங்கள்.