பனிக்காலத்தில் மஸ்டாங் ஜிடி ஓட்டுவது எப்படி

450 முதல் 460 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம். இப்படியொரு ஃபோர்டு மஸ்டாங் ஜிடியை டொராண்டோவிலோ மாண்ட்ரியலிலோ வைத்திருப்பவரிடம், நவம்பர் பிறந்தால் மூடிவைத்துவிடச் சொல்லுவார்கள். அதற்கு அவசியமில்லை. பனியில் இந்தக் கார் தடுமாறுவதற்குப் பெரும் காரணம் அதில் மாட்டியிருக்கும் கோடை டயர்தான். டயரை மாற்றி, வலது காலையும் நிதானத்துக்குப் பழக்கினால் குளிர்காலம் முழுக்க ஓட்டலாம். கீழே வரும் அளவுகள் 2018 முதல் 2023 வரையிலான ஜிடிக்கு உரியவை. மற்ற பின்சக்கர ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அளவு மாறும், முறை மாறாது.

டயரும் சக்கரமும்

வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கியதுமே கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். காய்ந்த சாலையில்கூட பிடி குறைந்துவிடும். உறைநிலைக்கு வெகுவாகக் கீழே குளிர்ந்து கிடக்கும் கோடை டயரை உருட்டினால் ரப்பரில் வெடிப்பு விழும் அபாயமும் உண்டு. எனவே முதல் பனிக்காகக் காத்திருக்காதீர்கள். காலை நேர வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் அதுவே மாற்றும் நேரம். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டிருந்தால் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. கேட்டு வாங்குங்கள்.

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் கொண்ட சின்னம் இருக்க வேண்டும். இந்தச் சின்னமுள்ள டயர்களிலும் இரண்டு வகை உண்டு. ஐஸில் பிடிப்பதற்கென்று செய்யப்பட்ட மென்மையான வகை ஒன்று: பிரிட்ஜ்ஸ்டோன் பிளிஸாக், மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ போன்றவை. காய்ந்த நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் கூர்மையை விட்டுக்கொடுக்காத வகை இன்னொன்று: மிஷெலின் பைலட் ஆல்பின் போன்றவை. உடனுக்குடன் சுத்தம் செய்யப்படும் பெருஞ்சாலையிலேயே ஓட்டம் என்றால் இரண்டாவது போதும். குடியிருப்புத் தெருக்களிலும் சிக்னல்களிலும் மெருகேறிக் கிடக்கும் ஐஸ்தான் உங்கள் அன்றாடம் என்றால் முதல் வகையை வாங்குங்கள். மஸ்டாங்குக்கு எங்கள் பரிந்துரை முதல் வகையே. ஸ்டியரிங் சற்று மந்தமாகும், ஆனால் சிக்னலில் நின்றுவிடுவீர்கள்.

அளவில், அகலத்தைக் குறையுங்கள். அகலமான டயர் பனியின் மேல் மிதக்கும், குறுகியது பனியைக் கிழித்து அடித்தளத்தைத் தொடும். சாதாரண பிரேக் உள்ள ஜிடிக்கு நான்கு மூலையிலும் 235/50 ஆர் 18 (அகலம் 235 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 50 சதவீதம், ரிம் 18 அங்குலம்) மிகப் பொருத்தம். மொத்த விட்டம் காருடன் வரும் டயரை ஒட்டியே 692 மி.மீ. வருவதால் வேகமானி கணக்கு தப்பாது. பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் பிப்ரவரி, மார்ச்சில் வாய்பிளக்கும் சாலைக்குழிகளில் ரிம் வளையும் அபாயமும் குறையும். பெரிய பிரேக்குடன் வரும் பெர்ஃபார்மன்ஸ் பேக் என்ற கூடுதல் தொகுப்பு உள்ள காரில் முன் பிரேக் தட்டே 380 மி.மீ. விட்டம் கொண்டது, பல 18 அங்குல ரிம்கள் அதன் மேல் ஏறாது. அதற்கு நான்கிலும் 255/40 ஆர் 19 போடுங்கள். பின்னால் மட்டும் குளிர்கால டயர் போட்டு மிச்சம் பிடிக்கவே கூடாது. கிளம்பும்போது முன்னேறும் கார், பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரத்தில் வழுக்கி நேரே போய்விடும்.

தனி ரிம்மில் மாட்டி வைப்பது நல்லது. ஒவ்வோர் ஆண்டும் டயரைக் கழற்றி மாட்டினால் அதன் விளிம்பு சேதமாகும். நட்டுகளை 204 நியூட்டன் மீட்டர், அதாவது 150 அடி-பவுண்டு வரை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி குறையும்போதெல்லாம் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். வெளியே நின்று குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும். டிரெட் (டயரின் வரிப்பள்ளம்) ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த டயரை அடுத்த குளிர்காலத்துக்கு நம்பாதீர்கள்.

பூட்டில் மணல் மூட்டை போடலாமா? 30 முதல் 50 கிலோ வரை, பின் அச்சுக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அங்கே, நகராதபடி கட்டினால் கிளம்புவதற்கு உதவும். டயருக்கு மாற்று அது ஆகாது.

ஓட்டம்

காரின் ஓட்டமுறைகளில் ஸ்னோ/வெட் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்கு எஞ்சின் தரும் பதில் அதில் மென்மையாகிவிடும். கையால் கியர் மாற்றும் காரில் இரண்டாவது கியரில் கிளம்புவது சுலபம். சக்கரத்துக்குப் போகும் விசை குறைவதால் சுழற்சி தொடங்காது. சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோலைச் சாலையில் அணைக்க வேண்டாம்.

ரப்பர் தரும் பிடி ஓரளவுதான். திருப்புதல், பிரேக், முடுக்கம் மூன்றும் அதையே பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்று: நேராகப் போகும்போதே வேகத்தைக் குறையுங்கள், பிறகு திருப்புங்கள், ஸ்டியரிங் நேரான பின் மிதியுங்கள். நான்கு சக்கர இயக்கமுள்ள கார் உங்களைவிடச் சீக்கிரம் கிளம்பும். ஒரே டயரில் நிறுத்துவதற்கு அதற்கும் உங்களைப் போலவே தூரம் வேண்டும், இடைவெளி விடும்போது இதை மறக்காதீர்கள்.

பின்பக்கம் வழுக்குவதற்கு இந்தக் காரில் முக்கியமாக இரண்டு காரணங்கள். முதலாவது, அதிக மிதி. அப்போது பாதத்தை மெல்லத் தளர்த்தி, போக வேண்டிய திசையைப் பார்த்து, பின்பக்கம் போகும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். பிடி திரும்பிய கணமே ஸ்டியரிங்கை நேராக்க வேண்டும். தாமதித்தால் கார் எதிர்ப்பக்கம் வீசும். பெரும்பாலும் விபத்து நேர்வது இந்த இரண்டாவது வீச்சில்தான்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரிவதில்லை: ஆக்சிலரேட்டரிலிருந்து திடீரென்று காலை எடுப்பதும், கீழ் கியருக்கு மாற்றிக் கிளட்சை வெடுக்கென்று விடுவதும். அந்தப் பெரிய வி8 எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் பிடித்திழுக்கும். அது பிரேக் வழியாக வரும் இழுப்பு இல்லை என்பதால் பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸால் தடுக்க முடியாது. உடனே கிளட்சை மிதித்துவிடுங்கள். இறக்கங்களில் முன்கூட்டியே சரியான கியரில் இருங்கள்.

கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய நேரமே ஆபத்தானது. ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்பதால் அப்போது வழுக்கல் உச்சத்தில் இருக்கும். பாலங்கள் முதலில் உறையும். டொராண்டோவுக்கு வடக்கே பாரி நகரை நோக்கிப் போகும் 400ஆம் நெடுஞ்சாலையில் ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் பனிப்புயல் சில நிமிடங்களில் பார்வையை மறைத்துவிடும். கிளம்பும் முன் சாலை நிலவரம் சொல்லும் ஒன்ராறியோ 511 தகவலைப் பாருங்கள். நீல விளக்குடன் போகும் பனி அகற்றும் லாரியை முந்த வேண்டாம். தரையிலிருந்து காருக்கு உள்ள இடைவெளி 15 செ.மீ.க்கும் குறைவு. அதைவிட ஆழமான பனி என்றால் டயர் எதுவானாலும் காரை வெளியே எடுக்காதீர்கள்.

சிக்கிக்கொண்டால்

முதலில் மண்வெட்டியால் காரின் அடியிலும் சக்கரத்தின் முன்னும் பின்னும் பனியை அள்ளுங்கள். அடிப்பாகம் பனியில் உட்கார்ந்துவிட்டால் சக்கரத்துக்குப் பாரமே கிடைக்காது. டயருக்கு அடியில் மணலோ பூனைக் கழிவு மணலோ தூவி, நார்மல் முறைக்கு மாறி, டிராக்ஷன் கண்ட்ரோலை அணையுங்கள். இல்லாவிட்டால் அது எஞ்சினை அமுக்கியே வைக்கும். ஸ்டியரிங் நேராக, மிக மெல்லிய மிதியில் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சக்கரம் வேகமாகச் சுழன்றால் அடியிலுள்ள பனி உருகி ஐஸாகும். ஒரு சக்கரம் நின்று மற்றது மட்டும் சுற்றினால், அதன் வேகம் வேகமானி காட்டுவதைப் போல இரு மடங்கு. டயர் வெடிக்கக்கூட வாய்ப்புண்டு.

காரைக் காப்பது

மஸ்டாங்கின் கதவுக்கு மேல்சட்டம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சிறிது இறங்கிக் கதவுக்கு வழிவிடும். ஐஸில் ஒட்டிக்கொண்டால் இறங்காது. அந்த நிலையில் கதவை இழுத்தால் ரப்பர் கிழியும், மோட்டார் கெடும். ரப்பர் விளிம்புகளில் சிலிகோன் தடவி வையுங்கள். ஒட்டிவிட்டால் ஐஸைச் சுரண்டிய பிறகே திறக்க வேண்டும்.

குளிரில் எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டால் போதும், பிறகு மெதுவாக ஓட்டியே சூடாக்குங்கள். குளிர்விப்புத் திரவம் சூடானாலும் எண்ணெய் பின்தங்கியே வரும். எண்ணெய் வெப்பமானி இயல்பு நிலையைத் தொடும்வரை எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுழற்சியைத் தாண்ட வேண்டாம். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதால் பழைய பேட்டரியை இலையுதிர் காலத்திலேயே சோதியுங்கள். கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 டிகிரி தாங்குவதாக இருக்கட்டும்.

சாலை உப்புக்கு ஈரமும் வெதுவெதுப்பும்தான் தேவை. உப்பு படிந்த காரைச் சூடான கராஜில் நிறுத்தினால் துரு வேகமாக ஏறும். உறைநிலைக்கு மேல் வரும் நாள்களில் அடிப்பாகத்தைக் கழுவி, கதவு ஓரங்களைத் துடைத்துவிடுங்கள். துருத்தடுப்பு எண்ணெயை ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அடிப்பது நல்லது. பிரேக் தட்டில் மட்டும் படக்கூடாது.