பழைய பஜிரோவுக்கு எஞ்சின் மாற்றுவதற்கு முன் ரேடியேற்றரைக் கழற்றிப் பாருங்கள்

எங்கள் பஜிரோ ஜீப்பின் டீசல் எஞ்சின், யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வீதியில் தெற்கே போகும்போது, மாங்குளம் தாண்டியவுடன் போனது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கும்போதே சூடு காட்டும் முள் பாதிக்கு மேலே ஏறியிருந்ததைக் கண்டேன். கண்டும் கொஞ்சம் ஆறவிட்டு, போத்தல் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தொடர்ந்து ஓடினேன். அரை மணி நேரத்தில் ஹெட் (சிலிண்டர்களுக்கு மேலே இருக்கும் பகுதி) வெடித்து, தண்ணீர் ஓயிலோடு கலந்து, உள்ளே தண்டைத் தாங்கும் பெயாரிங்கும் அடிபட்டு, கீழே இருந்து டக் டக் என்று தட்டத் தொடங்கிவிட்டது. லொறியில் ஏற்றித்தான் யாழ்ப்பாணம் கொண்டுவந்தோம். வேறு எஞ்சின் வாங்கிப் போட்டோம். போட்டு மூன்றாம் கிழமையே முள் மறுபடி ஏறியது. நல்ல காலம், அன்றைக்கு உடனே நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேற்றரைப் பிரித்துப் பார்த்தோம், உள்ளே அடைபட்டுக் கிடந்தது, அதற்குப் பிறகுதான் முதல் எஞ்சின் ஏன் செத்தது என்றே எனக்கு விளங்கியது. ஆகவே இந்த வேலையில் இறங்குகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது, பழைய எஞ்சின் எதனால் போனது என்று தெரியாமல் புது எஞ்சினை உள்ளே இறக்காதீர்கள்.

எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா என்பதையும் உறுதி செய்யுங்கள். கிராங்க் (எஞ்சினின் பிரதான தண்டு) முன்னால் உள்ள புல்லிப் போல்ற்றில் நீளக் கம்பி போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவே இல்லையென்றால் உடனே இறுகிவிட்டது என்று முடிவெடுக்க வேண்டாம், சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றாலும் சுற்றாது, சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். ஓயிலை இறக்கிப் பாருங்கள், பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஓயில் பில்டரை வெட்டி உள்ளே இருக்கும் கடதாசியை விரித்து வெயிலில் பிடியுங்கள். மினுங்கும் உலோகத் தூள் இருந்தால் பெயாரிங் தேய்ந்துவிட்டது, அடிப்பாகத்தைப் பிரிக்காமல் வழியில்லை. தூள் இல்லை, கொம்பிரசன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அளவு) பார்த்ததில் ஒரு சிலிண்டரில் மட்டும்தான் குறைவு என்றால் பிழை பெரும்பாலும் ஹெட்டிலோ அதற்குக் கீழே உள்ள காஸ்கற்றிலோ இருக்கும், முழு எஞ்சினும் மாற்றத் தேவையில்லாமல் போகலாம். டீசல் பம்ப் பிழையை எஞ்சின் பிழை என்று சொல்லி ஆட்களை அலைக்கழித்த கதைகளும் எனக்குத் தெரியும்.

பிளொக்கும் கிராங்க்கும் நன்றாக இருந்தால், சொந்த எஞ்சினையே பிரித்துச் செய்வதுதான் என் விருப்பம். நாள் கனக்கப் பிடிக்கும், ஆனால் உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஜப்பானில் இருந்து வருகிற பாவித்த எஞ்சின் கெதியில் ஓடும், அதன் முன்கதை மட்டும் யாருக்கும் தெரியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதற்குப் பிறகு பழைய ஜீப்புகளின் மதிப்பு ஏறியது, 2025 பெப்ரவரியில் திரும்ப அனுமதித்தும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது ஜீப் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. அதனால் இந்த வேலைக்குச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது.

எஞ்சின் வாங்க எல்லோரும் போவது கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குத்தான். தனியாகப் போகாதீர்கள், உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூடவே பழைய எஞ்சினை எல்லாப் பக்கமும் எடுத்த படங்களும் போனில் இருக்கட்டும். ஓயில் மூடியைத் திறந்து உள்ளே கறுப்புத் தார் படிந்திருக்கிறதா பாருங்கள், மேல் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், தண்ணீர் போகும் வாயில்களுக்குள் ரோர்ச் அடித்துத் துரு இருக்கிறதா பாருங்கள், ஹெட் போல்ற்றுகளில் ஸ்பனர் பட்ட காயம் இருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள். எஞ்சின் இலக்கம் தெளிவாக, சுரண்டாமல் இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் தவணை எத்தனை நாள் என்பதை வாயால் வாங்காதீர்கள், பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஒரே பெயர் எஞ்சின் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. இரண்டாம் தலைமுறை பஜிரோவில் 2.5 லீற்றர் 4டி56 எஞ்சினும் உண்டு, 2.8 லீற்றர் 4எம்40 எஞ்சினும் உண்டு. அதே 4டி56 வேனிலும் வந்தது. வேனில் இருந்து கழற்றியதற்கு ஓயில் சம்ப் (அடியில் உள்ள ஓயில் தொட்டி), மவுண்ட் கை, மனிபோல்ட் எல்லாம் வேறாக இருக்கலாம், ஜீப்பில் முன் சக்கரங்களைச் சுற்றும் டிபரன்சல் எஞ்சினுக்குக் கீழே இருப்பதால் சம்ப் இடித்துக்கொண்டு நிற்கும். ஒட்டோ கியருக்கும் மனுவல் கியருக்கும் பின்பக்கத் தட்டு வேறு. டீசல் பம்ப் சாதாரணமானதா, இலக்ரோனிக் முறையா என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொரு கொம்பனி எஞ்சினை மாற்றிப் போடுகிற ஆசை வந்தால் அதைக் கைவிடுங்கள், வயரிங், மவுண்ட், கியர்பொக்ஸ் என்று வேலை முடியவே முடியாது.

கழற்றும் வேலைக்கு இரண்டு பேரும் இரண்டு முழு நாளும் வேண்டும். பற்றறியின் நெகற்றிவ் வயரை முதலில் கழற்றுங்கள். பொனற்றைக் கழற்றும்போது பிணைச்சலைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவைத்தால் திரும்பப் பூட்டுவது லேசு. ஒவ்வொரு வயருக்கும் குழாய்க்கும் துண்டுப் பிளாஸ்ரர் ஒட்டி இலக்கம் எழுதிப் படம் எடுங்கள், நட் போல்ற்றுகளை இடம் இடமாகத் தனித்தனிப் பையில் போடுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். ஏசி குழாயைத் திறக்கவே வேண்டாம், கொம்பிரசரை மட்டும் கழற்றிக் குழாயோடு ஓரமாகக் கட்டிவிடுங்கள், பவர் ஸ்ரியரிங் பம்புக்கும் அதே மாதிரித்தான். டீசல் குழாய் வாய்களைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும், ஒரு மண் துகள் போதும் இஞ்செக்டரைக் கெடுக்க. கடற்கரைப் பக்கம் ஓடிய வாகனம் என்றால் சைலன்சர் நட்டுகள் துருவேறி இறுகியிருக்கும், முதல் நாள் இரவே எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள்.

ஒட்டோ கியர் என்றால் கொன்வேர்ட்டர் (எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் பகுதி) கியர்பொக்ஸோடுதான் நிற்க வேண்டும். கீழே உள்ள சிறு மூடியைத் திறந்து, கிராங்க்கைச் சுற்றிச் சுற்றி அதன் போல்ற்றுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். கியர்பொக்ஸுக்குக் கீழே ஜாக்கி வைத்த பிறகே எஞ்சினைப் பிரியுங்கள். 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் அது. மாமரக் கொப்பிலும் கூரை வளையிலும் செயின் புளொக்கைக் கொழுவித் தூக்குவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரும்புச் சட்டமோ எஞ்சின் தூக்கியோ வாடகைக்கு எடுங்கள், தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கையோ காலோ போகக்கூடாது.

புது எஞ்சின் நிலத்தில் இருக்கும்போது செய்யும் வேலைக்குக் காசு குறைவு, உள்ளே போன பிறகு அதே வேலைக்கு எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும். கிராங்க் பின் சீல், முன் சீல், தண்ணீர்ப் பம்ப், தேமோஸ்ரற் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடுவது), எல்லா றப்பர் குழாய்கள், எஞ்சின் மவுண்ட், மனுவல் என்றால் கிளச் முழுதும். 4டி56 என்றால் டைமிங் பெல்ற்றோடு உள்ளே இருக்கும் சின்ன பலன்ஸ் பெல்ற்றையும் கட்டாயம் மாற்றுங்கள், அது அறுந்தால் பெரிய பெல்ற்றுக்குள் சிக்கி அதையும் கெடுத்துவிடும். 4எம்40 எஞ்சினில் டைமிங் பெல்ற்றுக்குப் பதில் செயின், அதன் தொய்வைப் பாருங்கள். பழைய எஞ்சின் உலோகத் தூள் தள்ளியிருந்தால் அதன் ஓயில் கூலரைக் கழுவிப் பாவிக்க நினைக்காதீர்கள், மூலையில் ஒளிந்திருக்கும் தூள் புது பெயாரிங்கைத் தின்றுவிடும்.

இப்போது ரேடியேற்றர். எங்களுடையதைப் பிரித்த மெக்கானிக் அண்ணை என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உங்கட வீட்டுக் கேத்தலுக்குள்ள பாருங்கோ, இதுதான் இருக்கும்" என்றார். உண்மைதான், அதே வெள்ளைப் படிவு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிறது, எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அந்தச் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது, சூடேறினால் அது பிரிந்து ஒட்டிக்கொள்ளும். வருடக்கணக்காகக் கிணற்று வாளியால் ரேடியேற்றருக்கு ஊற்றிய தண்ணீர் மெல்லிய குழாய்களில் பாதியை அடைத்திருந்தது. ஊருக்குள் ஓடும்போது அது தெரியவில்லை. ஏசியும் போட்டு, ஆட்களும் ஏறி, வன்னி வெயிலில் ஒரே வேகத்தில் ஓடும்போதுதான் காட்டிக்கொடுத்தது. வெளியில் இருந்து பைப் அடித்துக் கழுவினால் இந்தப் படிவு போகாது. பித்தளை ரேடியேற்றர் என்றால் மேல் கீழ்த் தொட்டிகளை ஈயம் உருக்கிப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம், அல்லது கோர் மாற்றலாம். பிளாஸ்ரிக் தொட்டி வைத்தது என்றால் புதிதாக வாங்கிவிடுங்கள். பிறகு உள்ளே போவது கூலன்ற் பாதி, பற்றறிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர் பாதி, வேறொன்றும் இல்லை. ரேடியேற்றர் மூடியும் அதே அழுத்த அளவில் புதிதாக இருக்கட்டும். ஃபானின் நடுவில் உள்ள கப்ளிங், எஞ்சின் நிறுத்தியிருக்கும்போது சூட்டில் கையால் சுற்றினால் இறுக்கம் காட்ட வேண்டும், சும்மா சுழன்றால் அதுவும் போய்விட்டது. இன்னொன்று, சூடேறுகிறது என்று தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிகிற பழக்கம் இங்கே கனபேரிடம் உண்டு. சில எஞ்சின்களில் அதைக் கழற்றினால் குறுக்கு வழி திறந்தே கிடந்து, தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றும், சூடு கூடத்தான் செய்யும்.

எஞ்சினை இறக்கும்போது பெல் ஹவுசிங் (கியர்பொக்ஸ் எஞ்சினோடு சேரும் மணி வடிவ மூடி) கையால் தள்ளியே முட்ட வேண்டும். இடைவெளியைப் போல்ற் இறுக்கி மூடப் பார்த்தால் ஏதோ உடையும். ஒட்டோவில் கொன்வேர்ட்டரைச் சுற்றியபடி உள்ளே தள்ளி முழுக்க அமர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகே எஞ்சினைச் சேருங்கள், இல்லாவிட்டால் கியர்பொக்ஸின் ஓயில் பம்ப் நொறுங்கும். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையிலான எர்த் வயரை மறந்துவிட்டு ஸ்ராட்டரைக் குறை சொல்பவர்கள் கனக்க, நாங்களும் ஒரு பின்னேரம் முழுக்க அதில்தான் செலவழித்தோம்.

ஸ்ராட் செய்வதற்கு முன், எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் ரேர்போவின் ஓயில் வாயில் கொஞ்சம் ஓயில் ஊற்றுங்கள். டீசல் நிறுத்தும் வயரைக் கழற்றிவிட்டு, ஓயில் லைற் அணையும்வரை விட்டு விட்டு ஸ்ராட்டர் அடியுங்கள். பில்டருக்கு மேலே உள்ள கைப்பம்பை அது இறுகும்வரை அமத்திக் காற்றை எடுத்து, வயரைத் திரும்பப் பூட்டி ஸ்ராட் செய்தால் பிடிக்கும். பிடிக்காவிட்டால் இஞ்செக்டர் குழாய் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, டீசல் கசிந்து வந்ததும் இறுக்குங்கள். அந்த நேரம் முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், அதன் அழுத்தம் தோலைத் துளைக்கும். ஓடத் தொடங்கியதும் அக்சிலேற்றரை அமத்தி இரைக்க வேண்டாம். முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஹீற்றரைத் திறந்துவிட்டு, காற்றுக் குமிழி நிற்கும்வரை கூலன்ற் ஊற்றுங்கள். முதல் ஓட்டம் யாழ் நகரில் இருந்து பண்ணைப் பாலம்வரை போய்த் திரும்புகிற சின்னத் தூரம் போதும், ஆறியதும் தண்ணீர் மட்டம், கசிவு, மவுண்ட் போல்ற் எல்லாம் பாருங்கள். 1000 கிலோமீற்றரில் ஓயிலையும் பில்டரையும் மாற்றி, அந்த பில்டரையும் வெட்டிப் பாருங்கள்.

எஞ்சின் இலக்கம் மாறினால் வாகனப் புத்தகத்திலும் மாற வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்துங்கள், அதற்காகத்தான் எஞ்சின் பில்லையும் கடைக்காரர் தரும் இறக்குமதிப் பத்திரப் பிரதியையும் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன். இதைத் தள்ளிப்போட்டால் விற்கும்போது வாங்குபவர் இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். காப்புறுதிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பழைய எஞ்சினை இரும்புக்காரருக்கு உடனே கொடுக்க வேண்டாம். ஒரு மாதமாவது தகரக் கொட்டிலில் கிடக்கட்டும். எங்களுக்கு டைனமோ தாங்கியும் சூடு காட்டும் சென்சரும் அதில் இருந்துதான் கிடைத்தன.