ஏசிஎல் ஆபரேஷன்: வலி போனதும் களத்தில் இறங்காதீர்கள்

முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டுச்சு. கபடியிலோ கால்பந்திலோ ஏசிஎல் (முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து வைக்கும் நார்) கிழிந்தவர்கள் பலர் கதையை இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்தில் நடை, மாடிப்படி, பைக் எல்லாம் பழையபடி ஆகிவிடும். 'வலியே இல்லையே, ஆடினால் என்ன?' என்று அப்போதுதான் மனசு அரிக்கும்.

வலியை நம்பாதீர்கள். கிழிந்த நாருக்குப் பதிலாகத் தொடைத் தசைநாரை எடுத்துப் பொருத்திய கிராஃப்ட், முதல் சில மாதங்களில் வைத்த அன்றைவிட வலு குறைந்துதான் இருக்கும். பழைய இழை போய்ப் புது இழை வரும் காலம் அது. அந்தப் பலவீனத்தை முட்டி வலியாகச் சொல்லாது.

2016-இல் வெளியான டெலவேர்–ஆஸ்லோ ஆய்வு 106 பேரை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்தது. ஒன்பதாம் மாதம் வரை, ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் விகிதம் 51 சதவீதம் குறைந்தது. தசை பலம், தாவும் சோதனை எல்லாவற்றிலும் தேறிய பிறகு திரும்பியவர்களில் 5.6 சதவீதத்தினருக்கே மீண்டும் காயம். தேறாமல் இறங்கியவர்களில் 38.2. சின்ன ஆய்வுதான். ஆனாலும் வித்தியாசம் கண்ணை உறுத்துகிறது.

சோதனையிலும் ஒரு ஏமாற்று உண்டு. நல்ல காலின் பலத்தில் 90 சதவீதம் வந்தால் பாஸ் என்பார்கள். மாதக்கணக்கில் ஓடாமல் இருந்ததில் அந்த நல்ல காலும் இளைத்திருக்குமே! இரண்டு தொடையையும் ஒரே உயரத்தில் டேப் வைத்து மாதாமாதம் அளந்து பாருங்கள். இளைப்பு ஓரளவு பிடிபடும்.

முதல் வாரத்துத் தவறு, முட்டிக்கு அடியில் தலையணை. சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் முழுசாக நீளாமல் போய்விடும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி தானாகத் தாழட்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் மட்டும் பொறுக்காதீர்கள், அன்றே டாக்டரைப் பாருங்கள். ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம்.

'ஆபரேஷனே தேவையில்லை, ஆராய்ச்சி சொல்லுது' என்பவர்கள் பெரும்பாலும் 2010-இல் வந்த ஸ்வீடன் ஆய்வைத்தான் பாதியில் நிறுத்திப் படித்திருப்பார்கள். முதலில் பிசியோ பயிற்சி, தேவைப்பட்டால் ஆபரேஷன் என்று விடப்பட்ட 59 பேரில் 23 பேர் இரண்டே ஆண்டில் ஆபரேஷனுக்கு வந்தார்கள். மீதிப் பேர் சும்மா இருந்து தேறவில்லை, முறையாகப் பயிற்சி செய்தவர்கள். தொழில்முறை வீரர்களை அதில் சேர்க்கவே இல்லை.