கவுண்ட்டி அலர்ட்டும் மீட்டிங்கும் நம்ம கைக்கு வர்றது எப்படி? சாண்டா கிளாரா கவுண்ட்டிக்கு புதுசா வந்தவங்களுக்கு

போன குளிர்காலத்துல ஒரு நாள், மழை கொட்டிட்டு இருக்கு, நான் ஆபீஸ்ல இருக்கேன், அம்மா வீட்டுல தனியா. ஊர்ல இருந்து வந்து ரெண்டு வாரம்தான் ஆச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாத்தா அம்மாவோட போனைக் காணோம். கேட்டா, "அது திடீர்னு அலற ஆரம்பிச்சுருச்சுப்பா, வெடிச்சுருமோன்னு பயந்து துண்டுல சுத்தி பால்கனில வெச்சுட்டேன்"னு சொல்றாங்க. எடுத்துப் பாத்தா வெள்ள எச்சரிக்கை. எங்க வீட்டுப் பக்கம் அன்னைக்கு ஒண்ணும் ஆகலை, ஆனா அந்தத் துண்டைப் பிரிச்சப்ப எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. போன் அலறுனா என்ன அர்த்தம்னு நான் அவங்களுக்குச் சொல்லியே குடுக்கலையே.

நம்மாளுங்க நிறைய பேருக்கு ஊர் நியூஸ் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்லதான் வருது, யாரோ ஃபார்வர்ட் பண்ணினது, எப்ப எழுதினதுன்னே தெரியாது, போன வருஷத்து தீ மேப் இந்த வருஷமும் சுத்தும். சாண்டா கிளாரா கலிஃபோர்னியால இருக்கற ஒரு கவுண்ட்டி, கவுண்ட்டின்னா நம்மூர் மாவட்டம் மாதிரி. கவுண்ட்டிக்காரங்க நேரா சொல்றதை நேரா வாங்கிக்க ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போதும். நான் பண்ணினதை வரிசையா எழுதறேன். நீங்க வேற கவுண்ட்டில இருந்தா பேருங்கதான் மாறும், வழி கிட்டத்தட்ட இதேதான்.

படி 1: உங்க வீடு யாரோட பொறுப்புன்னு கண்டுபிடிங்க

இதைப் பலபேர் தாண்டிப் போயிடறாங்க, அப்புறம் எல்லாத்துலயும் குழப்பம். சாண்டா கிளாரா கவுண்ட்டிக்குள்ள 15 சிட்டி இருக்கு. சான் ஹோசே, சன்னிவேல், குப்பர்டினோ, மில்பிட்டஸ் எல்லாம் அதுல வரும். சிட்டிக்குன்னு தனி கவுன்சில், தனி வேலை. எந்த சிட்டியிலயும் சேராத இடங்களும் இருக்கு, தெக்கால சான் மார்ட்டின் மாதிரி, அங்கெல்லாம் ரோடு, போலீஸ், கட்டட பெர்மிட்டுனு நேரடியா கவுண்ட்டிதான் பாத்துக்கும். லெட்டர்ல சான் ஹோசேன்னு அட்ரஸ் இருக்கறதால மட்டும் வீடு சான் ஹோசே சிட்டிக்குள்ள இருக்குன்னு நெனச்சுறாதீங்க, நடுநடுவுல கவுண்ட்டித் துண்டுங்க இருக்கு.

சிட்டிக்குள்ள இருந்தாலும் கவுண்ட்டி உங்களைத் தொடாம இல்ல. பொது சுகாதாரம், ஜெயில், எலெக்ஷன் நடத்தறது, வீட்டு வரி வசூல், வேலி மெடிக்கல் ஆஸ்பத்திரி, கொசு மருந்து அடிக்கறது எல்லாம் கவுண்ட்டி வேலைதான். ஹோட்டல் வாசல்ல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு ஒரு அட்டை ஒட்டியிருப்பாங்களே, அந்தச் சோதனை பண்றதும் அவங்கதான். 2020 மார்ச் 16ஆம் தேதி எல்லாரும் வீட்டுக்குள்ள இருங்கன்னு நம்ம சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவுல கொரோனாவுக்காக உத்தரவு வந்துச்சே, அதைப் போட்டது கவுண்ட்டி ஹெல்த் ஆபீஸருங்க, நாட்டுலயே மொதல்ல வந்த உத்தரவுகள்ல அது ஒண்ணு. அன்னைக்குத்தான் கவுண்ட்டின்னா என்னன்னு எனக்கே உறைச்சுச்சு.

போலீஸ் விஷயம் இன்னும் கலந்து கெடக்கும். சான் ஹோசேக்கு தனி போலீஸ். சன்னிவேல்ல போலீஸும் தீயணைப்பும் ஒரே டிபார்ட்மென்ட்தான். குப்பர்டினோ, சாரட்டோகா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ்ல தனி போலீஸே கெடையாது, காண்ட்ராக்ட் போட்டு கவுண்ட்டி போலீஸான ஷெரிஃப் ஆளுங்கதான் வர்றாங்க. அதனால குப்பர்டினோல இருக்கறவங்க திருட்டு, கார் கண்ணாடி உடைப்பு பத்தின நியூஸ் வேணும்னா ஷெரிஃப் ஆபீஸைத்தான் ஃபாலோ பண்ணணும்.

ரோடும் அப்படியே. லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேல ஒரு பெரிய பள்ளம், ரெண்டு தடவை டயர் அடிபட்டுச்சு, நான் ஒரு ஆபீஸுக்கு திரும்பத் திரும்ப எழுதிட்டே இருந்தேன், ஒரு பதிலும் இல்ல. லாரன்ஸ், சான் தோமஸ், மாண்டேக், சென்ட்ரல், ஃபுட்ஹில்னு எக்ஸ்பிரஸ்வே எல்லாத்தையும் பராமரிக்கறது கவுண்ட்டியோட ரோட்ஸ் டிபார்ட்மென்ட்டுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 101, 280 மாதிரி ஃப்ரீவேன்னா கால்ட்ரான்ஸ், அது மாநில அரசோட ரோடு டிபார்ட்மென்ட். வீட்டு வாசல் தெருன்னா சிட்டி. இந்த மூணையும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, எவ்வளவோ நேரம் மிச்சம்.

படி 2: அலர்ட் எஸ்சிசில பேர் குடுங்க

போன்ல தானா அலறுற எச்சரிக்கை ஒண்ணு இருக்கு, அம்மாவுக்கு வந்தது அதான். அது செல் டவர் வழியா அந்த ஏரியால இருக்கற போனுக்கெல்லாம் போகும், நீங்க எங்கயும் பேர் குடுக்க வேண்டாம். ஆனா ரொம்பப் பெரிய ஆபத்துக்குத்தான் அதை அடிப்பாங்க, மெசேஜும் சின்னதா இருக்கும்.

கவுண்ட்டியோட சொந்த சிஸ்டம் பேரு அலர்ட் எஸ்சிசி (AlertSCC). இதுக்கு நீங்களா போய்ப் பேர் குடுத்தாத்தான் உங்க செல்லுக்கு வரும், காசு கெடையாது. சைட்டுல பேர், போன் நம்பர், ஈமெயில், வீட்டு அட்ரஸ் குடுங்க. மெசேஜா, காலா, ஈமெயிலா எப்படி வேணும்னு கேக்கும், நான் மூணையும் வெச்சிருக்கேன், ராத்திரி 2 மணிக்கு மெசேஜ் சத்தத்துக்கு யாரு முழிக்கறா, போன் அடிச்சாத்தான் எந்திரிப்போம். வீட்டு அட்ரஸோட நிறுத்திடாதீங்க, பசங்க ஸ்கூல் அட்ரஸையும் ஆபீஸ் அட்ரஸையும் சேத்துக்கோங்க. பகல்ல ஒரு சம்பவம்னா நம்ம வீட்டுல யாரு இருக்கா?

எந்த நம்பர்ல இருந்து கால் வருதுன்னு சைட்டுலயே பாத்து போன்ல சேவ் பண்ணி வைங்க, தெரியாத நம்பர்னு கட் பண்ணிடக் கூடாது.

இதுல நான் இவ்வளவு அழுத்தறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2017 பிப்ரவரி 21ஆம் தேதி, மழைல ஆண்டர்சன் அணை நிரம்பி வழிஞ்சு சான் ஹோசேல கயோட்டி க்ரீக்குங்கற ஓடை கரை மீறிருச்சு. ராக் ஸ்பிரிங்ஸ் பக்கம் ஜனங்களை தீயணைப்பு ஆளுங்க போட்ல வந்து தூக்கிட்டுப் போனாங்க. கிட்டத்தட்ட 14,000 பேர் வீட்டை விட்டு வெளிய போக வேண்டியதாச்சு. தண்ணி வாசலுக்கு வந்த அப்புறம்தான் நிறைய பேருக்கு விஷயமே தெரியும், எச்சரிக்கை சரியா போய்ச் சேரலைன்னு மேயரே அப்புறம் ஒத்துக்கிட்டார். அந்தப் பக்கம் இங்கிலீஷ் சரளமா வராத வியட்நாம், ஸ்பானிஷ் குடும்பங்க நிறைய. நம்ம அப்பா அம்மாவோட நிலைமையும் அதேதானே, தமிழ்ல யாரும் அனுப்பப் போறதில்ல, நாமதான் படிச்சுச் சொல்லணும்.

படி 3: உங்க ஸோன் நம்பரைக் குறிச்சு வைங்க

ஏரியாவை ஸோன் ஸோனா பிரிச்சு வெச்சிருக்காங்க. தீயோ வெள்ளமோ வந்தா "இன்ன ஸோன் வெளியேறணும்"னு நம்பரோட சொல்லுவாங்க. ஜெனசிஸ் ப்ரொடெக்ட்டுன்னு (Genasys Protect) ஒரு சைட்டும் ஆப்பும் இருக்கு, அதுல உங்க அட்ரஸ் அடிச்சா ஸோன் நம்பர் வரும். அதை எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, அன்னைக்கு நெட் வேலை செய்யுமோ செய்யாதோ.

ரெண்டு வார்த்தை மட்டும் நல்லா மனசுல வாங்கிக்கோங்க. எவாக்குவேஷன் வார்னிங்னா ஆபத்து வரலாம், ரெடியா இருங்கன்னு அர்த்தம், ஆனா வயசானவங்க, கைக்குழந்தை, நாய் பூனை இருக்கற வீடுன்னா அப்பவே கெளம்பிடணும். எவாக்குவேஷன் ஆர்டர்னா உயிருக்கு ஆபத்து, உடனே போயே ஆகணும், சட்டப்படியான உத்தரவு அது. "வார்னிங்தானே, பாத்துக்கலாம்"னு பாத்திரம் கழுவிட்டு நிக்காதீங்க. 2020 ஆகஸ்ட்ல மின்னல் அடிச்சு எஸ்சியுன்னு பேர் வெச்ச காட்டுத்தீ பிடிச்சப்ப கிழக்கு மலைப் பக்கம் பல கவுண்ட்டில கிட்டத்தட்ட 4 லட்சம் ஏக்கர் எரிஞ்சுது. காலைல எந்திரிச்சா கார் மேல சாம்பல். அப்ப ஸோன், வார்னிங், ஆர்டர்னு குரூப்ல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க, வார்னிங்குக்கும் ஆர்டருக்கும் வித்தியாசம் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி.

பூகம்பத்துக்கு மைஷேக் ஆப் போட்டுக்கோங்க, பெர்க்லி யுனிவர்சிட்டிக்காரங்க பண்ணினது, ஆட்டம் வந்து சேர்றதுக்குச் சில நொடி முன்னாடி சொல்லும், டேபிளுக்கு அடியில போக அது போதும். கரண்ட் கட்டுக்கு கரண்ட் கம்பெனி பிஜி அண்ட் இ அக்கவுண்ட்ல அலர்ட் ஆன் பண்ணுங்க, அது கவுண்ட்டி கெடையாது.

படி 4: மீட்டிங் அஜெண்டா படிக்கக் கத்துக்கோங்க

அலர்ட் ஆபத்து வந்த அன்னைக்குத்தான் வரும். உங்க பக்கத்து ஆஸ்பத்திரில என்ன மாறுது, ஜெயிலுக்கு எவ்வளவு செலவு, வீடில்லாதவங்களுக்கு ஷெல்டர் எங்க வருதுங்கறதெல்லாம் முடிவாகறது கவுண்ட்டியை நடத்தற போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ் மீட்டிங்ல. மொத்தம் அஞ்சு சூப்பர்வைசர், நாலு வருஷத்துக்கு ஒருதடவை ஓட்டு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு டிஸ்ட்ரிக்ட். கிட்டத்தட்ட 19 லட்சம் ஜனங்க, வருஷத்துக்கு 1,000 கோடி டாலருக்கு மேல பட்ஜெட், அதை இந்த அஞ்சு பேர்தான் பாஸ் பண்றாங்க. சான் ஹோசேல வெஸ்ட் ஹெடிங் ஸ்ட்ரீட் பில்டிங்ல பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை நடக்கும், ஆன்லைன்லயும் பாக்கலாம்.

கலிஃபோர்னியால ப்ரவுன் ஆக்ட்டுன்னு 1953ல வந்த சட்டம் ஒண்ணு இருக்கு. அதுப்படி வழக்கமான மீட்டிங்னா 72 மணி நேரம் முன்னாடி அஜெண்டாவை, அதாவது என்னென்ன பேசப் போறாங்கங்கற பட்டியலை வெளியிட்டாகணும். அஜெண்டால இல்லாத விஷயத்துல அன்னைக்கு முடிவு எடுக்க முடியாது, அவசரம் மாதிரி சில விதிவிலக்கு தவிர. அதனால சனி ஞாயிறுல ஒருதடவை பாத்தாப் போதும்.

மொதல்தடவை திறந்தா தலை சுத்தும், நூத்துக்கணக்குல பக்கம் இருக்கும். முழுசா படிக்காதீங்க. கன்ட்ரோல் எஃப் அழுத்தி உங்க சிட்டி பேர், பக்கத்து பார்க், எக்ஸ்பிரஸ்வே பேர் அடிச்சுத் தேடுங்க. கன்சென்ட் கேலண்டர்னு ஒரு பகுதி வரும், அதுல இருக்கறதையெல்லாம் பேச்சே இல்லாம மொத்தமா ஒரே ஓட்டுல பாஸ் பண்ணிடுவாங்க. பல பேர் அதை சின்ன விஷயம்னு விட்டுடறாங்க, எனக்கு அதுதான் மொதல்ல பாக்க வேண்டிய இடம், பெரிய பெரிய காண்ட்ராக்ட் எல்லாம் சத்தமில்லாம அதுலதான் போகும். ஐட்டத்தை க்ளிக் பண்ணினா ஒரு ரிப்போர்ட் வரும், எவ்வளவு பணம், ஏன் பண்றோம்னு இருக்கற ரெண்டு பத்தியை மட்டும் படிங்க.

உங்க சூப்பர்வைசரோட நியூஸ்லெட்டருக்கும் ஈமெயில் குடுத்துடுங்க, தடுப்பூசி கேம்ப், ரோடு மூடறது எல்லாம் அதுல எளிமையா எழுதியிருப்பாங்க.

படி 5: ஒருதடவையாவது பேசிப் பாருங்க

"நாம ஹெச்1பி வேலை விசால இருக்கோம், நமக்கு ஓட்டே இல்ல, நாம எப்படிப் பேசறது"னு எத்தனையோ பேர் கேட்டிருக்காங்க. பேசலாம். மீட்டிங்ல பொதுமக்கள் பேசற நேரத்துக்குப் பேரு பப்ளிக் கமெண்ட், அதுக்கு சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, மீட்டிங்ல உக்கார பேர் எழுதிக் குடுக்கணும்னு கட்டாயம்கூட இல்ல. அங்க போய் ரிக்வெஸ்ட் டு ஸ்பீக் சீட்டு எழுதிக் குடுங்க, ஆன்லைன்னா கை தூக்கற பட்டன். கூட்டத்தைப் பொறுத்து ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ குடுப்பாங்க.

ஒரு நிமிஷம்கறது ரொம்பச் சின்னது, வணக்கம் சொல்லி ஊர்க்கதை ஆரம்பிச்சா மணி அடிச்சுரும். ஐட்டம் நம்பர், எந்த ஏரியால இருக்கேன், என்ன நடந்துச்சு, என்ன வேணும், இந்த வரிசைல எழுதி வீட்டுல ரெண்டு தடவை சத்தமா படிச்சுப் பாத்துட்டுப் போங்க. நான் எக்ஸ்பிரஸ்வே ஓரம் நடக்கறவங்களுக்கு லைட் இல்லைன்னு பேசினேன், கை நடுங்குச்சு, அன்னைக்கே ஒண்ணும் மாறலை, ஆனா அடுத்த வாரம் ஒரு ஸ்டாஃப் ஈமெயில் போட்டு எந்த இடம்னு போட்டோ கேட்டாங்க.

இன்னொண்ணு, இது ரொம்ப பேருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வெச்சுப் பேசறவங்களுக்கு மத்தவங்களைவிட குறைஞ்சது ரெண்டு மடங்கு நேரம் குடுக்கணும்னு அதே ப்ரவுன் ஆக்ட்ல இருக்கு, உடனுக்குடன் மொழிபெயர்க்கற கருவி இருந்தா மட்டும்தான் அது பொருந்தாது. அப்பா தமிழ்ல பேசட்டும், நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க. நேர்ல போக முடியாதவங்க க்ளார்க் ஆஃப் தி போர்டுக்கு ஈமெயில் எழுதலாம், அதுவும் கணக்குல சேரும்.

படி 6: அம்மா அப்பா போனை எடுங்க

இதைக் கடைசிக்குத் தள்ளினாலும் அன்னைக்கே முடிச்சுடுங்க. அவங்க போன் செட்டிங்ஸ்ல எமர்ஜென்சி அலர்ட் ஆன்ல இருக்கான்னு பாருங்க. அந்த அலறல் எப்படி இருக்கும்னு யூடியூப்ல போட்டுக் காட்டுங்க, ரெண்டு மூணு தடவை, பயம் தெளியற வரைக்கும். இந்தச் சத்தம் வந்தா போன் கெட்டுப் போகலைம்மா, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பு, நான் எடுக்கலைன்னா இன்னாருக்கு அனுப்புன்னு பக்கத்து வீட்டுல ஒருத்தர் பேரைச் சொல்லி வைங்க.

எமர்ஜென்சி நம்பர் 911 எப்ப அடிக்கணும்னு சொல்லிக் குடுங்க. உள்ளூர் ப்ளான் இல்லாத போனா இருந்தாலும் சிக்னல் இருந்தா 911 போகும், ஆனா திரும்பிக் கூப்பிட அவங்களால முடியாமப் போகலாம், அதனால கட் பண்ணாம லைன்லயே இருக்கணும். மொதல்ல அட்ரஸ், அப்புறம் "தமிழ்"னு ஒரு வார்த்தை, மொழிபெயர்ப்பாளரை லைன்ல சேத்துக்குவாங்க, கொஞ்சம் நேரம் ஆகலாம், காத்திருக்கணும்.

எங்க ஃப்ரிட்ஜ்ல இப்ப ஒரு பேப்பர் இருக்கு. வீட்டு அட்ரஸை இங்கிலீஷ் உச்சரிப்பாவே தமிழ் எழுத்துல எழுதியிருக்கு, அபார்ட்மென்ட் நம்பர் பெருசா, அதுக்குக் கீழ ஸோன் நம்பர், அதுக்கும் கீழ பக்கத்து வீட்டு அக்கா நம்பர். அம்மா தெனமும் பால் எடுக்கறப்ப அதை ஒருதடவை வாய்விட்டுப் படிச்சுக்கறாங்க.