பழைய மோட்டார் படகு சில நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லையா? மீட்டரை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. மதியம் தீவோரமாக நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு வந்து திருப்பினால் அசைவே இல்லை. நாலைந்து முறை முயன்ற பிறகு, ஒன்றுமே நடக்காதது போல ஓடத் தொடங்குகிறது. கரைக்குக் கொண்டுவந்து மெக்கானிக்கிடம் காட்டினால் அவர் முன்னால் நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறது. ஒன்டாரியோ ஏரிகளில் முப்பது வயதுப் படகை வாங்கி ஓட்டுகிறவர்களுக்கு இந்த அலைக்கழிப்பு புதிதாக இருக்காது.

பலர் முதலில் பேட்டரியை மாற்றுவார்கள். பிறகு ஸ்டார்ட்டர், அதற்கும் மசியாவிட்டால் சாவி ஸ்விட்ச். பணம் கரையும், கோளாறு அப்படியே இருக்கும். வந்து வந்து போகும் கோளாறு என்றால் என் சந்தேகம் பாகங்கள் மீது விழுவதற்கு முன், அவற்றை இணைக்கும் இடங்களின் மீதுதான் விழும். செம்பில் ஏறிய களிம்பு, தளர்ந்த நட், பாதி கழன்ற பிளக் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

கீழே உள்ளது 1980, 90களின் மெர்க்ரூசர் பெட்ரோல் எஞ்சின் அமைப்பை வைத்து எழுதியது. மற்ற எஞ்சின்களிலும் வழிமுறை இதேதான். வயர் நிறங்களை மட்டும் உங்கள் எஞ்சினின் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும். நாம் செய்யப்போகும் சோதனைகளில் தீப்பொறி வரலாம். எஞ்சின் மூடியைத் திறந்துவையுங்கள், புளோயரை (அடிப்பள்ளத்துக் காற்றை வெளியேற்றும் விசிறி) குறைந்தது 4 நிமிடம் ஓடவிடுங்கள், பிறகு குனிந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கு மின்சார வேலை கிடையாது. முதலில் கசிவைத் தேடுங்கள்.

சோதனையின்போது ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும், எஞ்சின் பிடிக்கக் கூடாது. பல படகுகளில் கில் ஸ்விட்சின் (ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்ச்) கயிற்றைக் கழற்றினாலே இது நடக்கும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். இரண்டு நிமிடம் ஆறவிட்டு அடுத்த முறை.

வேண்டியவை அதிகமில்லை: ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், அதன் முனைகளில் மாட்ட குரோக்கடைல் கிளிப்புகள், ஸ்பேனர்கள், கம்பி பிரஷ், உப்புத்தாள், சாவியைத் திருப்ப இன்னோர் ஆள்.

மின்சாரம் போகும் இரண்டு பாதைகள்

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளும், எஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் தடித்த கறுப்புக் கேபிளும் ஒரு பாதை. ஸ்டார்ட்டரைச் சுற்றவைக்கும் பெரிய மின்னோட்டம் இதில்தான் போகிறது.

மெல்லிய பாதையில் போவது ‘சுற்று’ என்ற கட்டளை மட்டும். ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டில் தொடங்கும் சிவப்பு வயர், எஞ்சின் மேலுள்ள 50 ஆம்பியர் பிரேக்கரைத் தாண்டி, ஒரு வட்ட ரப்பர் பிளக் வழியாகச் சாவிக்குப் போகிறது. சாவியைத் திருப்பியதும் மஞ்சள்-சிவப்பு வயரில் மின்சாரம் புறப்பட்டு, கியர் லீவர் பெட்டிக்குள் இருக்கும் நியூட்ரல் ஸ்விட்சைக் கடந்து, அதே பிளக் வழியாகவே எஞ்சினுக்குத் திரும்பி, சிறிய சொலினாய்டை (மின்சாரம் வந்தால் காந்தமாகித் தொடுமுனைகளை இணைக்கும் ஸ்விட்ச்) இயக்குகிறது. அந்தச் சொலினாய்டு ஸ்டார்ட்டரின் சொலினாய்டை எழுப்புகிறது. போகும்போதும் வரும்போதும் மின்சாரம் ஒரே பிளக்கைக் கடக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த நீண்ட வழியில் ஒவ்வொரு தொடுமுனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் குறைகிறது. பேட்டரியில் 12.6 இருந்தாலும் சொலினாய்டுக்கு 8 தான் வந்து சேர்ந்தால், அது ஒரு முறை இழுக்கும், மறுமுறை இழுக்காது. எஞ்சின் சூடேறினால் சொலினாய்டின் செம்புச் சுருளில் மின்தடை கூடி, இழுவிசை இன்னும் குறையும். மதியம் மட்டும் மக்கர் செய்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

கோளாறு வரும் நேரத்தில் என்ன தெரிகிறது?

சாவியைத் திருப்பியும் டாஷ்போர்டு முழுவதும் உயிரில்லாமல் கிடந்தால், டாஷ்போர்டுக்கு மின்சாரமே வரவில்லை என்று பொருள்: பேட்டரி ஸ்விட்ச், பிரேக்கர், வட்ட பிளக். டாஷ்போர்டில் மீட்டர்கள் வேலை செய்து, ஸ்டார்ட்டர் பக்கம் நிசப்தம் என்றால் மெல்லிய பாதையில் சிக்கல். ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு விளக்குகள் மங்கினால் தடித்த பாதை. ‘டகடக’ என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை.

ஸ்டார்ட்டர் ஒரு முட்டு முட்டி அப்படியே நின்றால் மட்டும் மறுபடி மறுபடி திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்காமல் அதை வற்புறுத்தினால் கனெக்டிங் ராட் வளையும்.

பேட்டரியை முதலில் தீர்த்துவிடுங்கள்

முழுச் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரி மீதான சந்தேகம் நியாயமானது. கடையில் லோடு டெஸ்ட் (பெரிய மின்னோட்டத்தை இழுத்துப் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். இறங்கவில்லை என்றால் அதை விட்டுவிட்டு மேலே போங்கள்.

மீட்டரைக் கட்டிவைத்துக் காத்திருங்கள்

படகு ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். கோளாறு வரும் அந்தக் கணத்தில் மீட்டர் ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாததால்தான் மெக்கானிக்குகளும் ஏமாறுகிறார்கள்.

சிறிய சொலினாய்டில் இரண்டு பெரிய முனைகளும் இரண்டு சின்ன முனைகளும் இருக்கும். சின்னவற்றில் ஒன்றில் மஞ்சள்-சிவப்பு வயர், மற்றதில் கறுப்பு. மீட்டரின் சிவப்பு கிளிப்பை மஞ்சள்-சிவப்பு முனையிலும், கறுப்பு கிளிப்பைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மாட்டி, சுழலும் பெல்ட்டில் படாமல் வயர்களைக் கட்டிவிடுங்கள். வழக்கம்போலப் பயணம் போங்கள். ஸ்டார்ட் ஆகாத நேரத்தில், உடன் வந்தவரைச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள்.

12ஐ ஒட்டிக் காட்டினால் கட்டளை வந்து சேர்ந்துவிட்டது. சொலினாய்டு ‘க்ளக்’ என்று சத்தம் போடவில்லை என்றால் கறுப்பு வயரின் எர்த் அல்லது சொலினாய்டே காரணம். சத்தம் வந்தும் ஸ்டார்ட்டர் அசையவில்லை என்றால் சொலினாய்டின் உள்தொடுமுனைகள், ஸ்டார்ட்டர், தடித்த கேபிள் ஆகியவற்றைப் பாருங்கள். சுழியம் காட்டினால் சாவிக்கும் சொலினாய்டுக்கும் நடுவில் எங்கோ வழி அறுந்திருக்கிறது. ஏழு, எட்டு, ஒன்பது என்று காட்டினால் வழி இருக்கிறது, ஆனால் களிம்பு தின்கிறது.

வட்ட பிளக்கும் நியூட்ரல் ஸ்விட்சும்

மெல்லிய பாதையில் குறை என்று தெரிந்தால் நான் நேரே போகும் இடம் இந்த ரப்பர் பிளக். எஞ்சினின் பின்பக்கம் எட்டு அல்லது பத்து முனைகளோடு இருக்கும். கழன்றுவிடாமல் ஒரு ஹோஸ் கிளாம்ப் இறுக்கியிருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கிளாம்பைத் தளர்த்தி, வயரைப் பிடிக்காமல் ரப்பரைப் பிடித்து இழுங்கள். உள்ளே ஒவ்வொரு முனையாக வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு வயரின் துளையைச் சுற்றி ரப்பர் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அங்கே நீண்ட நாட்களாகச் சூடு பிறந்திருக்கிறது. அந்த வயரின் மேலுறை விரலுக்கு விறைப்பாக, வளைத்தால் வெடிப்பதாக இருக்கும். பச்சைக் களிம்பு மட்டும் என்றால் கான்டாக்ட் கிளீனரும் சிறு பிரஷும் போதும். கருகியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. முனையை மாற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது ஈரம் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவி, அடிவரை அழுத்தி, கிளாம்பை இறுக்குங்கள்.

நியூட்ரல் ஸ்விட்சைச் சோதிக்கக் கருவியே வேண்டாம். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, லீவரை நியூட்ரலிலேயே முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைத்ததும் ஸ்டார்ட்டர் சுற்றினால் ஸ்விட்சோ அதன் பொருத்தமோ தவறியிருக்கிறது. அதை நிரந்தரமாக வயர் போட்டுத் தாண்டிவிடும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். கியரில் இருக்கும்போது படகு ஸ்டார்ட் ஆகிப் பாய்ந்தால், பக்கத்தில் நீந்துபவர் புரொப்பெல்லரில் சிக்குவார்.

தடித்த பாதையை அளப்பது

ஓம் அளவு இங்கே உதவாது. இருபது இழைகளில் ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் ஓம் மீட்டர் ‘நன்று’ என்றுதான் சொல்லும். லோடு ஏறும்போது இழப்பை வோல்ட்டில் அளக்க வேண்டும். மீட்டரின் சிவப்பை பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் வையுங்கள். மேலே மாட்டிய கிளாம்பில் அல்ல, ஈய முனையிலேயே. கறுப்பை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டில் வைத்து எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் இழப்பு இருக்கிறது. பேட்டரி ஸ்விட்சுக்கு முன், பின் என்று துண்டு துண்டாக அளந்தால் இடம் அகப்படும். அதேபோல எஞ்சின் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். பழைய படகுகளில் இந்த நெகட்டிவ் பக்கத்தை யாரும் சீந்துவதில்லை. ஃபிளைவீல் உறையில் பெயின்டும் துருவும் மூடிய போல்ட்டில் கறுப்பு கேபிள் மாட்டியிருக்கும். கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்குங்கள். பேட்டரியில் கையால் திருகும் சிறகு நட் இருந்தால் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஸ்பேனரால் இறுக்கும் லாக் நட் போடுங்கள்.

புது வயர் போடுவதானால் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியும், உள்ளே பசையுள்ள சுருங்கும் உறையும் வாங்குங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு அடுத்த பருவத்தைத் தாண்டாது.

இரண்டு பாதைகளும் சுத்தமாகி, ஸ்டார்ட்டர் முனைக்கு முழு வோல்ட்டும் வந்து, அப்போதும் சூட்டில் சுற்ற மறுத்தால் ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பலாம். மாற்ற நேர்ந்தால் படகுக்கென்று செய்ததையே வாங்குங்கள். அதே அளவில், பாதி விலையில் கார் ஸ்டார்ட்டர் கிடைக்கும்; பொருந்தவும் செய்யும். ஆனால் அதன் தீப்பொறி வெளியே உள்ள பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்காமல் தடுக்கும் அடைப்பு அதில் இருக்காது.